ஒரே தலத்துக்கு இரண்டு சமூகம் உரிமை கோரினால்: நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

எங்கள் ஊர் அம்மன் வீதியுலா பெரிய பள்ளிவாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தொழுகை நேரத்தில் அந்த இடத்தில் மேளம் அடிக்கலாமா கூடாதா என்று எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் கைகலப்பு வரை போய்விட்டது. தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். அன்று எழுதிய காகிதத்தின் நகலை அப்பா பீரோவில் வைத்திருந்தார். மொத்தம் அரைப் பக்கம்தான். "வேப்பமரத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை மேளம் இல்லை. சாமி நிற்காது. தீவட்டி அணையாது." கீழே தரப்புக்கு ஆறு கையெழுத்து, தாசில்தார் முத்திரை. வீதி யாருக்குச் சொந்தம், யார் பழக்கம் முந்தியது, யார் பேசியது நியாயம் என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

தகராறு வீதியோடு நின்றதால் அரைப் பக்கம் போதுமாக இருந்தது. ஒரே கட்டடத்தை, ஒரே குகையை, ஒரே மலையை இரண்டு சமூகமும் "இது எங்கள் தலம்" என்று சொல்லும்போது என்ன செய்வது? உலகம் இதுவரை முயன்று பார்த்த வழிகளைக் கூட்டிக் கழித்தால் நான்குதான் வருகிறது. நீதிமன்றம் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது. இடத்தையோ நேரத்தையோ பங்கு போடுவது. யாருக்கும் இல்லை என்று அரசு எடுத்துக்கொள்வது. இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று நிறுத்திவைப்பது. நான் கடைசி வழியின் பக்கம் நிற்பவன். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையைச் சொல்லாமல் அதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

நம் எல்லோருக்கும் தெரிந்த அயோத்தியிலிருந்து தொடங்கலாம். சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் வழக்கு 1950 ஜனவரியில் பதிவானது. 2010-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடத்தை மூன்றாகப் பிரித்துத் தீர்ப்புச் சொன்னது. அது யாருக்கும் பிடிக்கவில்லை, மேல்முறையீடு போனது. 2019 நவம்பர் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமித்து 2.77 ஏக்கரையும் கோயில் தரப்புக்குக் கொடுத்தார்கள். அதே தீர்ப்பில், 1949 டிசம்பரில் இரவோடு இரவாகச் சிலைகளைக் கொண்டு வைத்ததும் 1992-ல் மசூதியை இடித்ததும் சட்டவிரோதம் என்றும் சொன்னார்கள். மசூதி கட்ட வேறு இடத்தில் 5 ஏக்கர் கொடுக்கச் சொன்னார்கள். அந்த நிலம் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி தன்னிப்பூரில் கிடைத்தது. கோயிலில் 2024 ஜனவரியில் பிரதிஷ்டை நடந்தது.

நீதிமன்றத்தின் பக்கம் ஒரு பெரிய பலம் உண்டு. வழக்கு முடிகிறது. எழுபது வருடம் இழுத்த ஒன்றுக்கு ஒரு நாளில் முற்றுப்புள்ளி. தீர்ப்பு வந்த அன்று நாடு பெரும்பாலும் அமைதியாக இருந்ததையும் மறக்கக் கூடாது. ஆனால் உரிமையியல் வழக்கில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆகவேண்டும். பக்தியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நெடுங்காலம் யார் கைவசம் இருந்தது என்ற அனுபோகப் பாத்தியதை என்ன, மண்ணுக்கடியில் கிடைத்த தூண் எந்தக் காலத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. தோற்றவருக்கு நஷ்டஈடாக நிலம் கொடுக்கலாம். தாத்தா தொழுத இடத்தை 25 கிலோமீட்டர் தள்ளிக் கொடுக்க முடியாது. அப்புறம், ஒரு இடத்தில் கிடைத்த வெற்றி அடுத்த இடத்துக்கு ஆசை காட்டும். வாரணாசி, மதுரா, சம்பல் என்று மனுக்கள் வரிசை கட்டின. 2024 நவம்பரில் சம்பலில் நீதிமன்ற உத்தரவுப்படி மசூதியில் ஆய்வுக்குப் போன நாளில் உயிர்களே போயின.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு சமரச முயற்சி நடந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மூன்று பேர் குழுவை அமைத்தது. தலைவர் காரைக்குடிக்காரரான ஓய்வுபெற்ற நீதிபதி கலிஃபுல்லா. உடன் சென்னை வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவும் ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கரும். ஃபைசாபாதில் கதவை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் பேசினார்கள். எல்லாத் தரப்பும் ஒத்துக்கொள்ளும் முடிவு வரவில்லை. அன்று செய்தியைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. எழுபது வருடம் வக்கீல் வழியாக மட்டுமே பேசிப் பழகியவர்களை ஐந்தே மாதத்தில் மனம்விட்டுப் பேசச் சொன்னது காலம் கடந்த முயற்சி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, பங்கு போட்டால்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று பார்க்க, பாலஸ்தீன மேற்குக் கரையிலுள்ள ஹெப்ரோனுக்குப் போகவேண்டும்.

இப்ராஹிம் நபியும் அவர் குடும்பத்தாரும் அடக்கமான குகை அங்கே இருப்பதாக யூதரும் முஸ்லிம்களும் நம்புகிறார்கள். மேலே இருப்பது முஸ்லிம்களுக்கு இப்ராஹிமி மசூதி, யூதர்களுக்கு மூதாதையர் குகை. 1267-ல் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் யூதர்கள் உள்ளே வரத் தடை போட்டார். அதன்பின் வெளிப்படிக்கட்டில் ஏழாவது படி வரைதான் அவர்களுக்கு அனுமதி. தங்கள் மூதாதையின் சமாதியை எட்டிக்கூடப் பார்க்க முடியாமல் ஏழாம் படியில் நின்று பிரார்த்தித்த தலைமுறைகள் எத்தனை! 1967 போரில் ஊர் இஸ்ரேல் கைக்கு வந்தபின், நேரம் பிரித்துக்கொண்டு இருவரும் வழிபடத் தொடங்கினார்கள். 1994 பிப்ரவரி 25, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. விடியற்காலைத் தொழுகையில் குனிந்திருந்தவர்களின் முதுகில் பரூக் கோல்ட்ஸ்டைன் என்ற யூதக் குடியேறி துப்பாக்கியால் சுட்டதில் 29 பேர் இறந்தார்கள்.

அதன்பிறகு வந்ததுதான் இன்றைய பாகப்பிரிவினை. ஒரு பகுதி முஸ்லிம்களுக்கு, இன்னொரு பகுதி யூதர்களுக்கு. வாசல் வேறு வேறு. வருடத்தில் பத்து நாள் முழுக் கட்டடமும் ஒரு தரப்புக்கு, வேறு பத்து நாள் மறு தரப்புக்கு. இப்ராஹிமின் சமாதிக்கு இரண்டு பக்கமும் கம்பி ஜன்னல். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். உள்ளே போக ராணுவச் சோதனையைத் தாண்டவேண்டும். சுடப்பட்டவர்களின் தரப்புதான் கடைசியில் மசூதியின் ஒரு பகுதியையும் இழந்தது என்ற கசப்பு பாலஸ்தீனியர்களிடம் இன்னும் ஆறவில்லை. ஏழாம் படியை யூதர்களும் மறக்கவில்லை. அங்கே நிலவுவதை நான் சமாதானம் என்று சொல்லமாட்டேன். ராணுவ வீரர்கள் நிற்கும் வரைதான் அந்தச் சுவரும் நிற்கும்.

இடத்துக்குப் பதில் நேரத்தைப் பிரித்தால் கொஞ்சம் மேல். மத்தியப் பிரதேசத்துத் தார் நகரில் போஜசாலை என்றும் கமால் மௌலா மசூதி என்றும் அழைக்கப்படும் கட்டடத்துக்கு 2003-ல் தொல்லியல் துறை அப்படித்தான் ஏற்பாடு செய்தது. செவ்வாய்க்கிழமை இந்துக்களுக்கு, வெள்ளி மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை முஸ்லிம்களுக்கு, வசந்த பஞ்சமி அன்று சரஸ்வதி பூஜை. பஞ்சமித் திதிக்குக் கிழமை தெரியாதே! 2006, 2013, 2016 என்று வசந்த பஞ்சமி வெள்ளிக்கிழமையில் வந்த ஒவ்வொரு முறையும் ஊரே போலீஸ் முகாம் ஆனது. மற்ற வருடங்களில் ஓடிய ஏற்பாடு, இரண்டு நாட்காட்டியும் முட்டிக்கொண்ட நாளில் தடுமாறியது. அந்த நாளைப் பற்றி முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.

நம் பக்கத்தில் திருப்பரங்குன்றம் இருக்கிறது. மலை யாருக்கு என்ற வழக்கில் 1923-ல் மதுரை சார்பு நீதிமன்றம் கோடு போட்டுக் கொடுத்தது. உச்சியில் பள்ளிவாசலும் கொடிமரமும் இருக்கும் இடம், நெல்லித்தோப்பு, அங்கிருந்து மேலே போகும் படிக்கட்டு ஆகியவை முஸ்லிம்களுக்கு. பெரும்பகுதி மலை தேவஸ்தானத்துக்கு. 1931-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்தது. இடத்துக்குப் போட்ட கோடு இவ்வளவு தெளிவாக இருந்தும், 2025-ல் ஆடு அறுக்கலாமா, தீபம் எந்தத் தூணில் ஏற்றுவது என்று மறுபடி நீதிமன்றம் போக வேண்டி வந்தது. எல்லை யாருக்கு என்று சொன்ன தீர்ப்பால், அதற்குள் என்னென்ன நடக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடியவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியவர்களுக்கு இது புரியும். கிணறு பொது என்று எழுதிவிட்டு, மோட்டார் யார் போடுவது என்று எழுதாமல் விட்டால் அடுத்த தலைமுறை கிணற்றடியில் சண்டை போடும்.

மூன்றாவது வழியை நீட்ட வேண்டியதில்லை. இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியா 537-ல் தேவாலயமாக எழுந்தது, 1453-ல் மசூதியானது. 1934-ல் துருக்கியின் முதல் அதிபர் அத்தாதுர்க்கின் அமைச்சரவை அதை அருங்காட்சியகம் ஆக்கியது. அழகான முடிவு என்று உலகமே மெச்சியது. ஆனால் அங்கே மண்டியிட விரும்பிய கிறிஸ்தவருக்கும் இடமில்லை, தொழ விரும்பிய முஸ்லிமுக்கும் இடமில்லை. இரண்டு பேரையும் கேட்டு எடுத்த முடிவும் இல்லை. 2020 ஜூலையில் துருக்கியின் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்த 1934 ஆணையை ரத்து செய்தது, இரண்டே வாரத்தில் வெள்ளித் தொழுகை நடந்தது. அரசு ஒரு கையெழுத்தில் செய்ததை இன்னொரு கையெழுத்து அழித்துவிடும். பூட்டிப் போட்ட தலத்தைக் காப்பாற்ற ஊரில் யாரும் வரமாட்டார்கள், அது அவர்களுடையது இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

இனி ஜெருசலேம். இயேசு அடக்கமாகி உயிர்த்தெழுந்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் புனிதக் கல்லறைத் தேவாலயம். அதை ஆறு சபைகள் பங்கிடுகின்றன: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், எத்தியோப்பியர், சிரிய ஆர்த்தடாக்ஸ். அந்தப் பெரிய மரக்கதவின் சாவி இந்த ஆறு பேரிடமும் இல்லை. ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது. கதவைத் திறப்பது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுல்தான் சலாஹுத்தீன் காலத்திலிருந்தே இந்தப் பொறுப்பு என்று அவர்கள் சொல்கிறார்கள். விடியற்காலையில் உள்ளே இருக்கும் துறவி ஒருவர் கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியாக ஓர் ஏணியை வெளியே நீட்டுகிறார். வெளியே நிற்பவர் கீழ்ப்பூட்டைத் திறந்து, ஏணியில் ஏறி மேல்பூட்டைத் திறக்கிறார். சாவி வெளியே, ஏணி உள்ளே. ஒருவர் இல்லாமல் மற்றவரால் கதவைத் திறக்க முடியாது.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. ஒரு படியை யார் பெருக்குகிறாரோ அவருக்கே அது சொந்தம் என்ற வழக்கம் இருப்பதால், 1901-ல் ஒரே ஒரு படியைப் பெருக்குவது யார் என்று பிரான்சிஸ்கன் துறவிகளும் கிரேக்கத் துறவிகளும் அடித்துக்கொண்டார்கள். 2002-ல் கூரைமேல் காவலுக்கு உட்கார்ந்திருந்த காப்டிக் துறவி வெயிலுக்காக நாற்காலியைச் சற்று நிழலுக்கு நகர்த்தினார். அதை அத்துமீறல் என்று எடுத்துக்கொண்ட எத்தியோப்பியத் துறவிகளோடு கைகலப்பாகி, பதினொரு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2008-லும் கிரேக்கரும் ஆர்மீனியரும் கைகலந்ததில் போலீஸ் உள்ளே வரவேண்டியிருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு சண்டையும் ஒரு படி, ஒரு நாற்காலி அளவிலேயே நின்றுவிட்டது. கட்டடத்தையே யாரும் இடிக்கவில்லை, யாரையும் முழுதாக விரட்டவில்லை. 1757-லும் 1852-லும், அன்று ஜெருசலேமை ஆண்ட உஸ்மானிய சுல்தான்கள் போட்ட ஆணையில், இன்று யார் எங்கே எப்போது வழிபடுகிறார்களோ அப்படியே தொடரட்டும் என்று நிறுத்திவைத்தார்கள். 1878 பெர்லின் ஒப்பந்தம் அதை உலக நாடுகளின் வாக்குறுதியாகவே ஆக்கியது. அதன்பின் பிரிட்டிஷார் வந்தார்கள், ஜோர்டான் வந்தது, இஸ்ரேல் வந்தது. ஏற்பாடு மட்டும் மாறவில்லை. வாசலுக்கு மேலே ஒரு ஜன்னலடியில் யாரோ சாத்தி வைத்த மர ஏணிகூட, எடுப்பது யார் உரிமை என்ற கேள்வியால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிற்கிறது.

விலையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? கூரைமேல் மண் குடில்களில் வாழும் எத்தியோப்பியத் துறவிகளைப் பாருங்கள். ஒருகாலத்தில் தேவாலயத்துக்குள்ளே அவர்களுக்கும் இடம் இருந்தது. வரி கட்ட வசதியில்லாமல் அதை இழந்தார்கள். 1852-ல் எல்லாவற்றையும் இருந்தபடி நிறுத்தியபோது அவர்களுடைய ஏழ்மையும் சேர்ந்து நின்றுவிட்டது. இன்னொரு விலை, பழுது பார்க்க முடியாதது. 1927 நிலநடுக்கத்தில் ஆட்டம் கண்ட கல்லறை மண்டபத்துக்கு 1947-ல் பிரிட்டிஷார் இரும்புச் சட்டம் அடித்து முட்டுக் கொடுத்தார்கள். யார் பழுது பார்ப்பது என்று முடிவாகாமல் அந்த இரும்பு எழுபது வருடம் அப்படியே இருந்தது. 2015-ல் இடிந்து விழும் என்று போலீஸ் சில மணி நேரம் மண்டபத்தை மூடியபிறகுதான் மூன்று பெரிய சபைகளும் உட்கார்ந்து பேசின. 2016-ல் வேலை தொடங்கி, 2017 மார்ச் 22-ல் முடிந்தது, இரும்பு கழன்றது. மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதால் அந்த வேலையில் யார் உரிமையும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அதனால்தான் எனக்கு இந்த வழி பெரிதாகத் தெரிகிறது. ஆனால் இதைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்தத் தேதியில் நிறுத்துவது என்பது. மறுபடி அயோத்திக்கே வருகிறேன். 1949 டிசம்பர் 22 இரவு சிலைகள் உள்ளே போயின. அடுத்த மாதம் நீதிமன்றம் இருப்பது இருக்கட்டும் என்று உத்தரவு போட்டது. டிசம்பர் 22 மாலை இருந்த நிலையை விட்டுவிட்டு, அத்துமீறலுக்கு மறுநாள் இருந்த நிலையை அது நிறுத்தியது. அந்த ஒரு இரவு வித்தியாசத்தில் முஸ்லிம்கள் தொழுகையை இழந்தார்கள். அத்துமீறலுக்குப் பிந்தைய தேதியில் நிறுத்தினால், முதலில் கைவைப்பவனுக்கு லாபம் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

1991-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த வழிபாட்டுத் தலங்கள் சட்டம் இதைச் சரியாகச் செய்தது என்பது என் கருத்து. 1947 ஆகஸ்ட் 15 அன்று எது கோயிலோ அது கோயில், எது மசூதியோ அது மசூதி, எது தேவாலயமோ அது தேவாலயம். அயோத்திக்கு மட்டும் விலக்கு. பழங்காலச் சின்னங்களும் வெளியே. 2019 அயோத்தித் தீர்ப்பே இந்தச் சட்டத்தைப் பாராட்டிப் பேசுகிறது. எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் ஒரு வலி இருக்கிறது: மன்னர்கள் காலத்தில் இழந்ததைக் கேட்க நீதிமன்றக் கதவையே மூடலாமா என்கிறார்கள். அந்த வலியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் எந்த நூற்றாண்டு வரை பின்னால் போவது? ஒவ்வொரு மண்ணுக்கடியிலும் இன்னொருவர் மண் இருக்கிறது; பௌத்தரும் சமணரும் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர். சுதந்திர நாடு பிறந்த நாளிலிருந்து எல்லோரும் கணக்கைப் புதிதாகத் தொடங்குவோம் என்பதைவிட மேலான தேதி எனக்குத் தோன்றவில்லை. "இடத்தைக் கேட்கவில்லை, ஆய்வு மட்டும் செய்கிறோம்" என்பவர்களிடம் ஜெருசலேம் ஏணியைக் காட்டலாம். ஏணியைத் தொட்டாலே என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புது வழக்குகளையும் ஆய்வு உத்தரவுகளையும் நிறுத்திவைத்தபோது எனக்கு மூச்சு வந்தது.

ஆக, ஒரு ஊர்க் கமிட்டியில் இருந்து முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்தால் இப்படித்தான் செய்வேன். தகராறு கிளம்புவதற்கு முந்தைய, இரு தரப்புக்கும் நினைவிருக்கும் ஒரு திருவிழா வருடத்தைத் தேதியாக எடுப்பேன். சொந்தம் யாருக்கு என்ற பேச்சையே எடுக்கமாட்டேன். யார் விளக்கேற்றுவது, எந்தப் படி வழியாக, எத்தனை மணிக்கு, பெருக்குவது யார், கரண்ட் பில் யார் கட்டுவது, இரண்டு விசேஷமும் ஒரே நாளில் வந்தால் என்ன என்று சின்னச் சின்னதாக எழுதுவேன். சாவி இரண்டு பேரிடமும் இல்லாமல் மூன்றாம் ஆளிடம். கூரை ஒழுகினால் இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் ஓடு மாற்றவேண்டும். எழுதியதை மாற்றவும் அதே கூட்டுக் கையெழுத்து. நீதிமன்றம் கடைசியில்தான்; அதுவும் எழுதியதை ஒருவர் மீறினால் மட்டும்.

எங்கள் ஊர் வேப்பமரம் 2018 கஜா புயலில் வேரோடு சாய்ந்துவிட்டது. அடுத்த மாசித் திருவிழாவுக்கு முன்னால் கேள்வி வந்தது: மேளத்தை எங்கே நிறுத்துவது? மரம் நின்ற இடம் இது என்று ஒருவர், இல்லை இன்னும் கிழக்கே என்று ஒருவர். ஜமாஅத் தலைவரும் கோயில் தர்மகர்த்தாவும் ஒரு மாலை டேப்பை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். "மாமா, பழைய டீக்கடைப் படியிலேர்ந்து வச்சுக்குவோமா?" என்று தலைவர் கேட்டார். படி மரத்துக்கு எட்டடி முன்னால் இருந்தது, மேளம் எட்டடி முன்பே நிற்கவேண்டும். தர்மகர்த்தா நாதஸ்வரக்காரரைப் பார்த்தார். "எட்டடிதானே, அதுக்குள்ள நான் மூச்சு வாங்கிக்கிறேன்" என்றார் அவர். அப்பாவின் பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினார்கள். முதலில் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரில் நான்கு பேர்தான் உயிரோடு இருந்தார்கள். அப்பாவின் பெயர் இருந்த இடத்துக்கு நேர் பின்னால் நான் கையெழுத்துப் போட்டேன்.